தம்பி பட்டாளத்துக்குப் போகிறேன் என்கிறான், பட்டாளத்திலிருந்து வந்த அப்பா வேண்டாம் என்கிறார்

#1 ஹவில்தார் மகள் (வேலூர் பக்கம்)

எல்லோருக்கும் வணக்கம். மூன்று வாரமாக வீட்டில் இதே பேச்சு. கொஞ்சம் நீளமாகத்தான் எழுத வேண்டியிருக்கிறது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் வீட்டில் தாத்தா, அப்பா இருவருமே மெட்ராஸ் ரெஜிமெண்ட். தாத்தா 1963-ல் சேர்ந்தார். சீனச் சண்டைக்குப் பிறகு ராணுவத்தைப் பெரிதாக்க ஊர் ஊராக ஆள் எடுத்த நேரம். மேய்ச்சலுக்கு ஓட்டிப்போன மாட்டைப் பக்கத்து நிலத்துக்காரரிடம் பிடித்துக் கொடுத்துவிட்டு, வீட்டில் ஒரு வார்த்தை சொல்லாமல் வேலூருக்கு நடந்தே போய் வரிசையில் நின்றவர். வெலிங்டனிலிருந்து முதல் மணியார்டர் வந்த அன்றைக்குத்தான் கொள்ளுப்பாட்டி ஒழுங்காகச் சோறு சாப்பிட்டார்களாம். 65, 71 இரண்டு சண்டையும் பார்த்துவிட்டு வந்தார்.

அப்பா 1988-ல் சேர்ந்து 2012-ல் ஹவில்தாராக ஓய்வு பெற்றார். இப்போது ஒரு வங்கியில் காவலர்.

தம்பிக்கு 20 வயசு. பி.எஸ்ஸி. படிக்கிறான், கல்லூரியில் என்.சி.சி. அக்னிவீருக்கு (நாலு வருஷச் சிப்பாய் வேலை) விண்ணப்பம் போடுகிறேன் என்கிறான். தினமும் விடிகாலை நாலரைக்கு ஏரிக்கரையில் ஓடுகிறான். 1.6 கிலோமீட்டர் 5 நிமிஷம் 58 வினாடியில் முடிக்கிறான். 5.30-க்குள் முடித்தால்தான் முழு 60 மார்க்.

அப்பா வேண்டாம் என்கிறார். தாத்தா "போகட்டும் விடு" என்கிறார்.

போன ஞாயிற்றுக்கிழமை மதியம், சாப்பிட உட்கார்ந்த இடத்தில் அப்பா எழுந்துபோய் பீரோவைத் திறந்தார். டிஸ்சார்ஜ் புக், பென்ஷன் ஆர்டர், கேன்டீன் கார்டு, ஈசிஎச்எஸ் மருத்துவ அட்டை. நாலையும் கொண்டுவந்து தம்பி தட்டுக்குப் பக்கத்தில் வரிசையாக வைத்தார். "இதில் எதெல்லாம் உனக்குக் கிடைக்கும்? தொட்டுக் காட்டு" என்றார். தம்பி கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு முதல் புத்தகத்தை மட்டும் தொட்டான். அப்பா சாப்பிடாமலே எழுந்து போய்விட்டார். குழம்பு ஊற்றின சோறு அப்படியே இருந்தது.

"இந்தக் காலத்துப் பசங்களுக்குப் பட்டாளத்துக்குப் போக மனசு இல்லை" என்று கல்யாண வீடு, டீக்கடை எல்லா இடத்திலும் கேட்கிறேன். எங்கள் வீட்டில் தலைகீழாக இருக்கிறது. உங்கள் வீடுகளில் எப்படி? தம்பிக்கு நான் என்ன சொல்ல?

#2 கரிசல் மண்

அப்பா சொல்வதுதான் சரி தங்கச்சி. உள்ளே இருந்து பார்த்தவர் சொல்கிறார். இதற்கு மேல் என்ன வேண்டும்?

#3 காட்பாடி ஜங்ஷன்

நம்ம பக்கம் கம்மவான்பேட்டையை ராணுவப்பேட்டை என்றே சொல்வோம். முதல் உலகப் போரிலிருந்து ஆள் போகிற ஊர். அங்கேயே இப்போது அப்பாமார்கள் யோசிக்கிறார்கள் என்று கேள்விப்பட்டேன். ஆனால் விடிகாலையில் ஓடுகிற பசங்களின் கூட்டம் குறைந்ததாகத் தெரியவில்லை. உங்கள் வீட்டுக் கதை உங்கள் வீட்டோடு நிற்கவில்லை.

#4 ஓய்வுபெற்ற சப்பர் (திருவண்ணாமலை)

அம்மா, நான் 1984-ல் மதராஸ் சப்பர்ஸில், அதாவது ராணுவத்தின் பொறியாளர் படையில் சேர்ந்தவன். பெங்களூரு அல்சூர் ஏரிக்குப் பக்கத்தில் எங்கள் சென்டர். எங்களை அதிகாரிகள் "தம்பி" என்றுதான் கூப்பிடுவார்கள், அது அந்தப் படையின் வழக்கம். வடநாட்டு அதிகாரி கூட "தம்பி, இதர் ஆவ்" என்பார். ஊரில் பெயர் சொல்லிக் கூப்பிடக்கூட யோசித்த ஆட்கள் இருந்தார்கள். அங்கே போய் ஒரு கர்னல் என்னைத் தம்பி என்று கூப்பிட்டபோது எனக்கு எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். நாங்கள் போனதற்கு வயிறு ஒரு காரணம். இது இன்னொரு காரணம். இதை யாரும் கணக்கில் எடுப்பதில்லை.

உங்கள் அப்பா வைத்த நாலு அட்டைகளைப் பற்றிச் சொல்கிறேன். அக்னிவீருக்கு 4 வருஷம். நூற்றில் 25 பேர் வரைக்கும்தான் நிரந்தரமாக எடுப்பார்கள். மற்றவர்களுக்குப் பென்ஷன் இல்லை, கிராஜுவிட்டி இல்லை, ஈசிஎச்எஸ் இல்லை, கேன்டீன் இல்லை, முன்னாள் ராணுவத்தினர் என்ற தகுதியும் இல்லை. சேவா நிதி என்று வட்டியோடு சேர்த்து சுமார் 11.71 லட்சம் கைக்கு வரும் என்று 2022-ல் அறிவித்தார்கள். அதில் பாதி அவன் சம்பளத்தில் பிடித்த பணம். முதல் வருஷம் சம்பளம் மாதம் 30,000, பிடித்தம் போகக் கையில் 21,000.

எங்களுக்கு 15 வருஷம் முடித்தால் சாகும்வரை பென்ஷன். நம்மை அனுப்பியவர்களுக்கு அந்த ஒரு வார்த்தை போதுமாக இருந்தது. என் மாமனார் பெண் கொடுத்ததே அதை நம்பித்தான்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், எழுதலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். 1987 கடைசியில் இந்திய அமைதிப்படையோடு இலங்கை போனேன். கண்ணிவெடி எடுக்கும் வேலை. யாழ்ப்பாணத்தில் ஒரு வீட்டு வாசலில் தமிழில் "அம்மா, தண்ணி இருக்கா" என்று கேட்டேன். அந்த அம்மா செம்பை வெளியே வைத்துவிட்டு, ஒரு வார்த்தை பேசாமல் கதவைச் சாத்திக்கொண்டார்கள். 25 வருஷ சர்வீஸில் நான் வாங்கிய அடி எல்லாம் ஆறிவிட்டது. அது ஆறவில்லை. ஊருக்குத் திரும்பினேன், யாரும் எதுவும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. என் மகன்கள் இரண்டு பேரையும் பட்டாளத்துக்குப் போ என்று ஒருநாளும் சொன்னதில்லை. போகாதே என்றும் சொன்னதில்லை. பென்ஷன் காரணம் இல்லை என் விஷயத்தில். உங்கள் அப்பாவிடமும் பென்ஷனுக்குப் பின்னால் வேறு ஏதாவது இருக்கலாம். கேட்டுப் பாருங்கள்.

#5 ஓஎம்ஆர் வாசி

நான் 26. சோழிங்கநல்லூரில் ஐடி வேலை. மாற்றுக் கருத்து ஒன்றை வைக்கிறேன், யாரும் தவறாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

என் தாத்தாவும் ராணுவம்தான், ராமநாதபுரம் மாவட்டம். எனக்குப் போகும் எண்ணம் வந்ததே இல்லை. பயம் காரணம் இல்லை. அவர் காலத்தில் மழை பொய்த்தால் அந்த ஊரில் அடுத்த வேளை சோற்றுக்கு வழி கிடையாது. இப்போது தமிழ்நாட்டில் கல்லூரி வயசுப் பிள்ளைகளில் நூற்றுக்கு 47 பேர் உயர்கல்வியில் இருக்கிறார்கள் (2021-22 கணக்கு, நாட்டின் சராசரி 28). ராணுவத்தில் சிப்பாய் வேலைக்குக் கேட்பது பத்தாம் வகுப்பு. பட்டம் வாங்கின பையன் வேறு கதவைத் தட்டுவதில் என்ன தப்பு? இதைத் தேசபக்தி குறைந்துவிட்டது என்று சொல்பவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம் வருகிறது. அவர்கள் வீட்டுப் பிள்ளைகள் எங்கே இருக்கிறார்கள் என்று கேளுங்கள்.

2020 ஜூனில் சீன எல்லையில் கல்வானில் இறந்த ஹவில்தார் பழனி எங்கள் மாவட்டம், கடுக்கலூர். 22 வருஷம் சர்வீஸ். அவருடைய தம்பியும் ராணுவத்தில் இருந்தார். அன்றைக்கு எங்கள் ஊரில் யாரும் அடுப்பு மூட்டவில்லை. அவர்கள்மேல் எனக்குள்ள மரியாதை ஒரு துளி குறைவில்லை. அந்த மரியாதை இருப்பதால் நானும் போய்த்தான் ஆக வேண்டும் என்றில்லை.

#6 கரிசல் மண்

#5 சகோதரர் நியாயமாகப் பேசுகிறார். நான் முதலில் எழுதினதை விட நன்றாகச் சொல்லிவிட்டார்.

#7 வரிசையில் நின்றவன்

எனக்கு இப்போது 25 முடிகிறது. ஓஎம்ஆர் வாசி அண்ணன் சொல்வது அவர் வரைக்கும் சரி. எல்லாருக்கும் வேறு கதவு இருக்கிறது என்று நினைத்துவிடக் கூடாது.

எனக்கு ஏழாம் வகுப்பிலிருந்து இந்த ஒரே ஆசைதான். 2020-லிருந்து கொரோனா என்று ஆள்சேர்ப்பு ஏறக்குறைய நின்றுபோனது. நடுவில் ஒரு ரேலி நடந்தது, போனேன். ராத்திரி 12 மணிக்கே மைதானத்துக்கு வெளியே ரோட்டில் உட்கார வைத்தார்கள். விடிகாலை மூணு மணிக்கு நூறு நூறு பேராக விட்டார்கள். ஓட்டத்தில் முதல் குரூப்பில் வந்தேன். பீம் (கம்பியில் தொங்கி உடம்பைத் தூக்குவது) 10 எடுத்தேன், முழு 40 மார்க். 9 அடி பள்ளம் தாண்டினேன். மெடிக்கலும் பாஸ். கையில் ஒரு சீட்டு கொடுத்தார்கள், எழுத்துத் தேர்வுக்கு. அந்தத் தேர்வு தள்ளிப்போனது. மறுபடி தள்ளிப்போனது. 2022 ஜூன் 14 அன்று அக்னிவீர்களை எடுக்கும் அக்னிபத் திட்டத்தின் அறிவிப்பு வந்தது. பழைய ஆள்சேர்ப்பு எல்லாம் ரத்து, எல்லாரும் முதலிலிருந்து வாருங்கள் என்றார்கள்.

அந்த வருஷத்துக்கு மட்டும் வயசு வரம்பை 21-லிருந்து 23 ஆக்கினார்கள். நான் மறுபடி போனேன். அந்தத் தடவை மெடிக்கலில் முட்டி இடிக்கிறது என்று எழுதி அனுப்பிவிட்டார்கள். ஒன்றரை வருஷத்துக்கு முன்னால் அதே கால்தான்.

இப்போது ஒரகடத்தில் ஒரு கம்பெனியில் ஒப்பந்த வேலை. அந்தச் சீட்டை இன்னும் வைத்திருக்கிறேன், மடித்த இடத்தில் கிழிந்துவிட்டது. மனசு இல்லை என்று எங்களைப் பற்றிச் சொல்லாதீர்கள். அது மட்டும்தான் கேட்கிறேன்.

#8 ஓஎம்ஆர் வாசி

மன்னிக்கவும் தம்பி. நான் என் வீட்டு ஜன்னலிலிருந்து பார்த்து எழுதிவிட்டேன்.

#9 வரலாற்று வாத்தியார்

அரசுப் பள்ளியில் வரலாறு நடத்துகிறேன். இரண்டு விஷயம் சொல்லத் தோன்றுகிறது.

பட்டாளத்துக்குப் போகிற மனசு ரத்தத்தில் வருவது, சில ஊருக்கும் சில சாதிக்கும் உரியது என்ற பேச்சை நம்பாதீர்கள். கிழக்கிந்தியக் கம்பெனியின் பெரிய படைகளில் ஒன்று சென்னைப் படை. அதில் இருந்தவர்கள் நம்மவர்களும் தெலுங்கர்களும். 1806 ஜூலை 10 அன்று வேலூர்க் கோட்டையில் எழுந்தவர்களும் அவர்கள்தான். புதுத் தலைப்பாகை, திருநீறும் நாமமும் கூடாது, தாடி கூடாது என்ற உத்தரவு உடனடிக் காரணம். 1857-க்குப் பிறகு வெள்ளைக்காரர்கள் "போர்க்குணம் உள்ள இனம்" என்று ஒரு கொள்கையைக் கொண்டுவந்தார்கள். 1881 முதல் 1885 வரை சென்னையில் தலைமைத் தளபதியாக இருந்த ராபர்ட்ஸ் அதில் முக்கியமான ஆள். தெற்கத்தியான் சண்டைக்கு லாயக்கில்லை என்று முடிவுகட்டி வடக்கே ஆள் எடுத்தார்கள். 1920-களின் கடைசியில் மெட்ராஸ் ரெஜிமெண்டின் காலாட்படைப் பிரிவுகளைக் கலைத்தே விட்டார்கள். இரண்டாம் உலகப் போர் வந்தது, ஆள் வேண்டியிருந்தது. 1941-ல் மறுபடி எழுப்பினார்கள். நம் ஆட்கள் வரிசையில் வந்து நின்றார்கள். அந்தப் போர் முடியும்போது இந்திய ராணுவத்தில் சுமார் 25 லட்சம் பேர், கட்டாயம் இல்லாமல் சேர்ந்தவர்கள். ஒரே மண், ஒரே மக்கள். கதவைத் திறந்தால் வந்தார்கள், மூடினால் "இவர்களுக்கு வீரம் இல்லை" என்று எழுதி வைத்தார்கள். 2020-லிருந்து 2022 வரை நடந்ததைப் பற்றி #7 தம்பி எழுதியதைப் படித்தபோது எனக்கு இதுதான் ஞாபகம் வந்தது.

அடுத்தது, சப்பர் ஐயா சொன்னது. 1990 மார்ச்சில் அமைதிப்படையின் கடைசிப் பிரிவுகள் சென்னைத் துறைமுகத்தில் வந்து இறங்கியபோது, முதல்வராக இருந்த கருணாநிதி வரவேற்புக்குப் போகவில்லை. தமிழர்களைக் கொன்ற படையை வரவேற்க மாட்டேன் என்பது அவர் நிலை. அன்றைக்குத் தமிழ்நாட்டில் பலருக்கும் அதே எண்ணம்தான், எனக்கும் அப்போது அப்படித்தான் இருந்தது. அந்தக் கப்பலில் ஐயாவைப் போலத் தமிழ்ப் பையன்களும் இருந்தார்கள் என்பதை யோசிக்க எனக்குப் பல வருஷம் ஆயிற்று.

#10 வன்னி மைந்தன்

சப்பர் ஐயா எழுதினதை வாசிச்சன். அந்த அம்மா கதவைச் சாத்தினதை நீங்கள் மறக்கேல்லை எண்டு எழுதினீங்கள். அமைதிப்படை யாழ்ப்பாணத்தில சண்டை பிடிச்ச 87 ஒக்டோபரை நாங்களும் மறக்கேல்லை. ஆனாலும் அதை நீங்கள் வெளியில சொன்னது எனக்குப் பெரிய விஷயம்.

தங்கச்சி கேட்ட கேள்விக்கு எங்கட பக்கத்துக் கதை பொருந்துமோ தெரியாது. 83 ஜூலைக்குப் பிறகு என்ர மாமா வீட்டில சொல்லாமல் இயக்கத்துக்குப் போனவர். அம்மம்மா சைக்கிளைத்தான் கண்டெடுத்தா, பஸ் நிலையத்தில. அப்ப பெடியள் தாங்களாப் போனவை. கடைசி யுத்த காலத்தில வன்னியில வீட்டுக்கு ஒருவர் கட்டாயம் எண்டு புலிகள் ஆள் பிடிச்சவை. தன்ர தம்பியை விட்ட அதே அம்மா, என்ர அக்காவைப் பதினேழு வயசில அவசரமாக் கலியாணம் கட்டிக் குடுத்தா, பிடிச்சுக்கொண்டு போகாமல் இருக்க. என்னைப் பங்கருக்குள்ள வைச்சு மேல விறகு அடுக்கினவ. இருபத்தைஞ்சு வருஷத்தில ஒரே குடும்பம் அப்பிடி மாறினது. பயத்தில எண்டு மட்டும் சொல்ல ஏலாது. அவ மாமான்ர படத்துக்கு இண்டைக்கும் பூ வைக்கிறா.

#11 ஓய்வுபெற்ற சப்பர்

தம்பி, படித்தேன். உங்கள் அம்மாவுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள்.

#12 தேக்கா கதிர் (சிங்கப்பூர்)

இங்கே கட்டாய சேவை. எனவே போக மனசு இருக்கிறதா என்ற கேள்வியே எங்கள் பையன்களிடம் யாரும் கேட்பதில்லை. 18 வயதில் இரண்டு வருஷம், அப்புறம் ரிசர்வில் வருஷா வருஷம் கூப்பிடுவார்கள். என் காலத்தில் இரண்டரை வருஷமாக இருந்தது, 2004 கடைசியில்தான் குறைத்தார்கள்.

ஆனால் ஹவில்தார் மகள் எழுதியதைப் படித்ததும் என் தாத்தா சொன்னது ஞாபகம் வந்தது. 1967-ல் சட்டம் வந்தபோது இங்கே பெற்றோர்கள் பதறிப் போனார்களாம். சீனர்களிடம் ஒரு பழமொழி உண்டு, நல்ல இரும்பில் ஆணி அடிக்க மாட்டார்கள், நல்ல பிள்ளையைச் சிப்பாய் ஆக்க மாட்டார்கள் என்று. நம் ஆட்களுக்கும் மலாய்க்காரர்களுக்கும் பட்டாளம் புதிதில்லை, சீனர்களுக்குத்தான் ரொம்பக் கஷ்டமாக இருந்தது என்பார் தாத்தா. அதனால் அரசாங்கம் பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுப்பதற்கு முன்பு பெற்றோரைத் தேற்றியது. சமூக மன்றங்களில் வழியனுப்பு விருந்து வைத்தார்கள். பெரிய தலைவர்கள் எல்லாம் வந்து கைகுலுக்கினார்கள்.

இரண்டு வருஷம் முன்னால் என் மகனைப் புலாவ் தெக்கோங் தீவில் விட்டுவிட்டு வந்தோம். இப்போதும் முதல் நாள் அப்பா அம்மாவையும் படகில் கூட்டிப்போகிறார்கள். அவன் படுக்கப் போகிற கட்டிலைக் காட்டுகிறார்கள், அவர்கள் சாப்பாட்டுக் கூடத்திலேயே நமக்கும் சாப்பாடு. என் மனைவி அந்தக் கட்டிலின் மெத்தையைக் கையால் அழுத்திப் பார்த்தாள். திரும்பி வரும் படகில் எதுவும் பேசவில்லை. ஆனால் அந்த மெத்தையைத் தொட்டுப் பார்த்ததில் அவளுக்குப் பாதி நிம்மதி. போகிறவனுக்கு ஒரு மனசு வேண்டும் என்றால் அனுப்புகிறவர்களுக்கு வேறொரு மனசு வேண்டும். அதற்கென்று யாராவது மெனக்கெட வேண்டியிருக்கிறது. உங்கள் ஊரில் அந்த வேலையைப் பென்ஷன் செய்துகொண்டிருந்தது என்று தோன்றுகிறது.

#13 ஆற்காடு அம்மா

எல்லாரும் அப்பா தாத்தா என்றே பேசுகிறீர்கள். பெண்ணே, உன் அம்மா என்ன சொல்கிறாள்? ஒரு இடத்தில்கூட எழுதவில்லையே.

நானும் மிலிட்டரிக்காரரைக் கட்டினவள். மாமியார், நாத்தனார், இரண்டு பிள்ளைகள், ஒரு பசு, முக்கால் காணி நிலம். அவர் வருஷத்துக்கு ஒரு தடவை லீவில் வருவார், பிள்ளைகள் மாமா என்று கூப்பிடும். அந்தக் காலத்தில் வீட்டுக்கு நாலு பிள்ளை. ஒருவன் பட்டாளம், ஒருவன் நிலம், ஒருவன் தோல் ஷாப்பு. இப்போது ஒரே பிள்ளை. அவனை அனுப்பிவிட்டால் வீட்டில் ஆளில்லை. இதைச் சொன்னால் கோழை என்பார்களா?

நாலு வருஷம் கல்யாணமும் கூடாது என்பது அவர்கள் விதி. லீவும் வருஷத்துக்கு 30 நாள்தானாம், எங்கள் வீட்டுக்காரருக்கு எல்லாம் சேர்த்து 90 நாள் இருந்தது. வெளியே வந்தவனுக்குப் பெண் கேட்டுப் போனால் முதல் கேள்வி "இப்போ என்ன பண்றார்?" என்பதுதான். எங்கள் காலத்தில் மிலிட்டரி மாப்பிள்ளை என்றால் தரகரே வாசலில் நிற்பார்.

#14 ஹவில்தார் மகள்

எல்லோருக்கும் நன்றி. நாலு நாள் இந்தப் பக்கம் வரவில்லை. எல்லாவற்றையும் இரண்டு முறை படித்தேன்.

ஆற்காடு அம்மா, உங்கள் கேள்வியைப் படித்ததும் எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. அம்மாவிடம் நான் கேட்கவே இல்லை. அப்பா கேட்கவில்லை, தாத்தா கேட்கவில்லை. எழுந்து சமையலறைக்குப் போய்க் கேட்டேன். தேங்காய் துருவிக்கொண்டிருந்தார்கள். "இப்பவாவது கேட்டியே" என்றார்கள்.

அன்று ராத்திரி சப்பர் ஐயா சொன்னபடி அப்பாவிடம் பேசினேன். பென்ஷன் பேச்சை எடுக்க விடாமல், "அது இருந்தால் அனுப்புவீர்களா?" என்று கேட்டேன். ரொம்ப நேரம் பதில் இல்லை. அப்புறம் 1999 பற்றிச் சொன்னார். அப்போது எனக்கு ஒரு வயசு. அப்பா கார்கிலுக்கு மேலே இருந்தார். அவருக்கு எழுதும் எல்லாக் கடிதமும் "56 ஏபிஓ" என்ற ஒரே விலாசத்துக்குத்தான் போகும், அவர் எந்த மலையில் இருக்கிறார் என்று அம்மாவுக்குத் தெரியாது. இரண்டு மாதம் கடிதம் இல்லை. அம்மா தினமும் என்னை இடுப்பில் தூக்கிக்கொண்டு மூன்று கிலோமீட்டர் நடந்து போஸ்ட் ஆபீஸுக்குப் போவார்களாம். ஊருக்குள்ளேயே தபால்காரர் வருவார். அவர் வரும்வரைக்கும்கூடப் பொறுக்கவில்லை. அப்பா லீவில் வந்தபோது அம்மா இதைச் சொல்லவே இல்லை, தபால்காரர்தான் சொன்னாராம். "மேலே இருந்தவனுக்கு ஒன்றும் தெரியாது பாப்பா. பக்கத்தில் இருக்கிறவனைப் பார்த்துக்கொள்வதே வேலையாக இருக்கும். கீழே இருப்பது அப்படி இல்லை. இப்போ நான் கீழே இருக்கணும்" என்றார்.

24 வருஷம் அவர் போய் இருந்தார். வீட்டில் காத்திருந்து பார்த்ததில்லை. அவருக்குப் பயமாக இருப்பது இதுதான். பென்ஷன் இருந்திருந்தால் அந்தப் பயத்தை எதிர்த்துப் பேச ஒரு வாதமாவது கிடைத்திருக்கும், அதுவும் இல்லை என்பது அவருடைய கோபம். அவர் சொன்னதிலிருந்து நான் புரிந்துகொண்டது இவ்வளவு.

தாத்தா "போகட்டும் விடு" என்று சுலபமாகச் சொல்வதற்கும் அப்பா சொல்ல முடியாததற்கும் காரணம் அவர்களுடைய வீரம் இல்லை என்று இப்போது எனக்குத் தெளிவாகத் தெரிகிறது. தாத்தா சொல்லாமலே போனவர். கொள்ளுப்பாட்டி சாப்பிடாமல் கிடந்தது அவருக்கு ஒரு கதை. தம்பி மூன்று வாரமாக எல்லாருடைய சம்மதத்துக்கும் காத்துக்கொண்டு நிற்கிறான். அவன் நினைத்தால் ஃபோனிலேயே விண்ணப்பம் போட்டிருக்கலாம். போடவில்லை. இந்தத் தலைமுறையைப் பற்றிப் பேசுகிறவர்கள் இதையும் கொஞ்சம் பார்க்க வேண்டும்.

#15 வரலாற்று வாத்தியார்

ஒரு யோசனை மட்டும். பி.எஸ்ஸி. முடித்ததும் சிடிஎஸ் (ராணுவ அதிகாரிகளை எடுக்கும் தேர்வு) எழுதச் சொல்லுங்கள். பரங்கிமலை பயிற்சி அகாடமி நம்ம சென்னையிலேயே இருக்கிறது. அதிகாரியாகப் போகலாம். ஹவில்தார் பிள்ளைகள் அதிகாரியாவது ராணுவத்தில் புதிதில்லை.

ஒன்று கேட்கட்டுமா? உங்களுக்குப் போக ஆசை இருந்ததா அம்மா?

#16 ஹவில்தார் மகள்

சிடிஎஸ் பற்றி அவனும் யோசித்திருக்கிறான் சார். அது கிடைக்காவிட்டால் அக்னிவீருக்கு வயசு போய்விடும் என்று பயப்படுகிறான். இரண்டுக்கும் சேர்த்துத் தயாராகச் சொல்லியிருக்கிறேன்.

கடைசிக் கேள்விக்கு: இருந்தது. 2019-ல் மிலிட்டரி போலீஸில் முதல்முதலாகப் பெண்களைச் சிப்பாயாக எடுக்கும் அறிவிப்பு வந்தது. எனக்கு வயசு சரியாக இருந்தது. செய்தித்தாளில் அந்தப் பக்கத்தை வெட்டிப் புத்தகத்துக்குள் வைத்தேன். யாரிடமும் சொல்லவில்லை. அந்த வருஷம் என்னைப் பெண் பார்க்க வந்தார்கள். அந்த முதல் அணி 83 பேர் 2021-ல் பெங்களூரில் பயிற்சி முடித்து அணிவகுத்த படத்தை ஃபோனில் பார்த்தேன். மகளுக்கு அப்போது நாலு மாதம்.

#17 வரிசையில் நின்றவன்

அக்கா, உங்கள் மகளுக்குச் சொல்லிவிடுங்கள், அவள் காலத்தில் கேட்பார்கள் என்று. தம்பிக்கு ஏதாவது உதவி வேண்டும் என்றால் கேளுங்கள். இப்போது எழுத்துத் தேர்வுதான் முதலில், கம்ப்யூட்டரில். தமிழிலும் எழுதலாம். எங்கள் காலத்தில் அது கிடையாது, கேள்வி புரியவே பாதி நேரம் போகும். என்.சி.சி. சர்டிஃபிகேட் இருந்தால் தனி மார்க் உண்டு, மறக்காமல் பதிவு செய்யச் சொல்லுங்கள். என்னிடம் மாதிரி வினாத்தாள்கள் ஒரு கட்டு இருக்கின்றன, அனுப்புகிறேன். இனி எனக்கு அவை எதற்கு?

#18 ஹவில்தார் மகள்

கண்டிப்பாக அனுப்புங்கள் தம்பி. விலாசத்தைத் தனியாகத் தருகிறேன். அவனே உங்களைப் பார்க்க ஒரகடம் வருகிறேன் என்கிறான்.

வீட்டு நிலவரம்: அம்மா சரி என்று சொல்லிவிட்டார்கள், ஒரு நிபந்தனையோடு. டிகிரியை எப்படியாவது முடிக்க வேண்டும், அங்கிருந்து தொலைதூரக் கல்வியில் என்றாலும் சரி. தினமும் பேச முடியாது என்று தெரியும், வாரத்துக்கு ஒருமுறையாவது குரல் கேட்க வேண்டும். வியாழக்கிழமை பதிவு செய்தான். அப்பா இன்னும் "போ" என்று சொல்லவில்லை. ஆனால் நேற்று விடிகாலை ஏரிக்கரைக்கு அவரும் போனார். தம்பி ஃபோனில் நேரம் பார்ப்பது அவருக்குப் பிடிக்கவில்லை. மதகுக்குப் பக்கத்தில் தன் பழைய கைக்கடிகாரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாராம். 5.41.

#19 ஓய்வுபெற்ற சப்பர்

5.41 என்றால் இரண்டாவது குரூப், 48 மார்க். இன்னும் 11 வினாடி. வந்துவிடும் அம்மா. பையன்கள் எல்லாரும் செய்கிற தப்பு, முதல் 400 மீட்டரைப் பறந்து ஓடுவது. முதல் சுற்றை 85 வினாடிக்குக் குறையாமல் ஓடச் சொல்லுங்கள், மிச்சத்தைக் கடைசி 300 மீட்டருக்கு வைத்துக்கொள்ளட்டும். ஏரிக்கரை மண் என்பதால் மைதானத்தில் தானாகவே இரண்டு மூணு வினாடி குறையும். வாரத்தில் ஒருநாள் ஓடாமல் இருக்க வேண்டும், கட்டாயம்.

மெடிக்கலுக்கு முன்னால் பல்லையும் காதையும் டாக்டரிடம் காட்டிவிடுங்கள். காதில் அழுக்கு அடைத்திருக்கிறது என்று திருப்பி அனுப்பின பையன்களை என் கண்ணால் பார்த்திருக்கிறேன். உடம்பில் பச்சை எதுவும் குத்திக்கொள்ள வேண்டாம் என்று இப்போதே சொல்லிவையுங்கள். உங்கள் அப்பாவுக்கு இதெல்லாம் தெரியும். கேட்டால் சொல்வார்.